எழுதினதை எழுதினபடி

2 ஏப்ரல் 1993

அன்புத் தங்கைக்கு,

இயேசுவுக்கே புகழ். அண்ணிதான் எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, கடைசி வரை வாசி. பதினொரு வருஷம் வாயே திறக்காதவள் இப்போது எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

நம் புனிதரின் திருவிழாவுக்கு இந்த மே மாதம் நூறாவது ஆண்டு. சுரூபத்துக்குப் புது வர்ணம் அடித்தாயிற்று. உதட்டின் மேல் வைத்திருக்கிறாரே விரல், அதன் நுனி உரிந்து கிடந்தது, அதையும் சரிசெய்துவிட்டார்கள். ஒன்பது நாள் நவநாள், பத்தாம் நாள் பவனி, கூடவே ஒரு நூற்றாண்டு மலர். மலர் வேலையைப் பங்குச் சாமியார் என் தலையில் கட்டிவிட்டார். "டீச்சர், தமிழுக்கு உங்கள விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

நீ அச்சகத்தில் பிழை திருத்துகிறாய் என்று கேள்விப்பட்டேன். உங்கள் அச்சகத்திலேயே மலரை அடித்து, மெய்ப்பும் நீயே பார்த்துக் கொடுத்தால் ஊருக்குச் செய்த உதவியாக இருக்கும். முதல் கட்டுரை என்னுடையது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அரசனிடம்கூடச் சொல்லாமல் உயிரை விட்டவர், பொல்லாத நாக்குகளிடமிருந்து நம்மைக் காப்பவர் என்று புனிதரின் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறேன்.

நவநாளில் ஊரார் எழுதிப் போடும் மன்றாட்டுச் சீட்டுகளை இன்னும் நான்தான் வாசிக்கிறேன். போன வருஷம் நாலாம் நாள் மைக்கில் ஏதோ கோழாறு. வெறும் தொண்டையிலேயே வாசித்தேன், கடைசி வரிசை வரை கேட்டதாம். டீச்சருடைய ழகரத்தைக் கேட்கவே பக்கத்துப் பங்கிலிருந்து ஆள் வருகிறது என்று சாமியார் கேலி செய்கிறார்.

உன் அண்ணன் மர அறுவை மில்லுக்குப் போய் வருகிறார். இடது காது மந்தமாகிவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவருக்கு இன்னும் ஒன்றும் வராது, கடிதமோ நோட்டீஸோ நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். பவனியில் சுரூபத்துக்குத் தோள் கொடுப்பதை விட்டவர் விட்டவர்தான்.

பதில் போடு.

அண்ணி

-

9 ஏப்ரல் 1993

அண்ணிக்கு,

மலருக்கான தாள்களை அனுப்புங்கள். முதலாளியிடம் பேசிவிட்டேன்.

அண்ணன் ஏன் தோள் கொடுப்பதில்லை என்று ஊருக்கே தெரியும், நீங்கள் ஏதோ முழங்கால் வலி மாதிரி எழுதுகிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் திருவிழா முடிந்த மறுவாரம் எனக்கும் மைக்செட்காரருக்கும் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். பவனி அன்று காலையில் அவருடைய அம்மா கோயில் வாசலில் என்னை நிறுத்தி, "உங்க வீட்லேருந்தே எழுதிட்டாங்கம்மா, எங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். என்ன எழுதினார்கள், யார் எழுதினார்கள், ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் எனக்கு ஏதோ நோய் என்று தெரு முழுக்கப் பேச்சு.

"அம்மா படுக்கையில கெடக்கும்போது இந்த வருஷம் வேணாமே" என்று அண்ணன் இழுத்துக்கொண்டிருந்தார் அல்லவா? அவர்தான் யாரையாவது பிடித்து எழுத வைத்தார் என்று நினைத்தேன். என்னைப் படிக்க வைப்பதற்காக இரண்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவர். அதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பவனி வந்தது. வலது முன்தண்டில் அவர். குறுக்கே போய் நின்று, "தங்கச்சி வாழ்க்கையக் கெடுத்த தோளால புனிதரச் சுமக்காத, இறக்கு" என்று கத்தினேன். தண்டைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அந்த வாரமே நானும் ஊரை விட்டுக் கிளம்பினேன்.

இப்போது கேளுங்கள். ஜனவரியில் மைக்செட்காரரின் அம்மா இறந்துவிட்டார். அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் அந்தக் கடிதம் இருந்திருக்கிறது. மகன் அதுவரை அதைப் பார்த்ததே இல்லையாம். "இது உங்களிடம் இருக்க வேண்டியது" என்று ஒரு வரி எழுதி எனக்கு அனுப்பிவிட்டார். பெயர் இல்லை. எழுத்து இடது கையால் எழுதினது போலக் கோணல். பன்னிரண்டு வயதில் பவனி வெயிலில் நான் மயங்கி விழுந்தேனே, அதற்குக் கண் காது மூக்கு வைத்து எழுதியிருக்கிறது. எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

எழுதினவர் யாராக இருந்தாலும் விடப்போவதில்லை. மன்னிப்பு, பொறுமை என்று எதுவும் எனக்கு எழுதாதீர்கள், அதை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக்கொள்கிறேன்.

நவநாளுக்கு நானும் சீட்டு அனுப்பலாமா? வெளியூர்ச் சீட்டை வெட்டாமல் வாசிப்பீர்களா?

தங்கை

-

16 ஏப்ரல் 1993

அன்புத் தங்கைக்கு,

இயேசுவுக்கே புகழ். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கட்டுரை மேலே இருக்கிறது. அதில் திருத்த ஒன்றும் இருக்காது, இருந்தாலும் ஒரு கண் ஓட்டு.

வெட்டாமல் வாசிப்பீர்களா என்று என்னையா கேட்கிறாய்? இருபது வருஷமாக மைக் முன்னால் நிற்கிறேன். எழுதினதை எழுதினபடி வாசிப்பேன். ஓர் எழுத்து கூட்ட மாட்டேன், ஓர் எழுத்து குறைக்க மாட்டேன். ஒரு தடவை பால்காரர், தன் மாமியார் சீக்கிரம் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று எழுதிப் போட்டார். அதையும் வாசித்தேன். கோயிலே "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. மாமியாரும் சேர்ந்துதான் சொன்னார். தபாலில் வரும் சீட்டுகளைச் சாமியாருக்கு அனுப்பிவிடு, அவர்தான் அந்தந்த நாளுக்குப் பிரித்து மேடையில் வைப்பார். நான் முன்கூட்டிப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று, பெரியவளாகச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை எரித்துவிடு. கிளறினால் யார் வெளியே வருவார் என்று யோசித்தாயா? வீட்டுக்குள் இருந்துதான் போயிருக்கிறது என்றால் வீட்டில் அப்போது இருந்தது எத்தனை பேர்? அம்மாவால் எழுந்து உட்காரவே முடியாது. என்னைப் பற்றி உனக்குத் தெரியும். மீதியை நான் சொல்ல வேண்டுமா? கட்டின புருஷனைப் பற்றி என் வாயால் சொல்ல வராது. அவர் பாவம், ஏதோ அம்மாமேல் உள்ள பாசத்தில் செய்திருப்பார்.

அண்ணி

-

26 ஏப்ரல் 1993

அண்ணிக்கு,

மலர் மெய்ப்பு முடிந்துவிட்டது. நாளை அச்சுக்குப் போகிறது, மே ஐந்தாம் தேதிக்குள் கட்டு வந்து சேரும். உங்கள் கட்டுரையில் மட்டும் பதினேழு திருத்தம். அச்சுக் கோக்கிறவர் என்னிடம் வந்து, "இந்தம்மா கட்டுரைக்கே ழ பெட்டி காலியாயிடும் போல, வேற எழுத்தே தெரியாதா?" என்றார். ரொம்பப் பெரிய டீச்சர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாளுக்கு ஒன்றாக ஒன்பது சீட்டுகளைச் சாமியாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எண்ணும் போட்டிருக்கிறேன்.

கடிதத்தை எரிக்கவில்லை.

தங்கை

-

10 மே 1993

தங்கைக்கு,

உனக்கு என்ன வந்தது? நேற்றோடு மூன்று நாள் முடிந்தது, மூன்று நாளும் உன் சீட்டு. முதல் நாள், "பொய்யால் பிரிக்கப்பட்ட ஓர் அண்ணனுக்காகவும் தங்கைக்காகவும்." சரி என்று வாசித்தேன். இரண்டாம் நாள், "பதினொரு வருஷத்துக்கு முன் பெயர் போடாமல் கடிதம் எழுதிய ஒரு கைக்காக, அந்தக் கை இன்னும் நன்றாக எழுதுவதற்காக." கோயிலில் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். நேற்று, "அந்தக் கை இந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது, அது சிலுவை அடையாளம் வரையும்போது புனிதர் கவனிப்பதற்காக." வாசித்து முடித்துவிட்டு வழக்கப்படி நான் சிலுவை அடையாளம் வரைய வேண்டும். வரைந்தேன், ஆனால் கை மரத்துப்போனது மாதிரி இருந்தது.

ஊரில் இதே பேச்சு. மருந்துக்கடைக்காரர் பூசை முழுக்கக் கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு அக்காதங்கைகள் ஒருத்தியை ஒருத்தி சந்தேகப்பட்டுக் குழாயடியில் சண்டை போட்டார்கள். கோயில் நிரம்பி வழிகிறது, புனிதருக்காக இல்லை, உன் சீட்டுக்காக. வாசிக்க மாட்டேன் என்று சாமியாரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எழுதினத எழுதினபடி வாசிப்பேன்னு நீங்கதான டீச்சர் சொல்வீங்க? பால்காரர் மாமியாருக்கே வாசிச்சீங்க" என்கிறார்.

உனக்குத் தெரிய வேண்டியது பெயர்தானே? இதோ சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன்தான். போன தவக்காலத்தில் என்னிடம் அழுது ஒப்புக்கொண்டார். மில்லில் யாரையோ பிடித்து எழுத வைத்தாராம். இனியாவது நிறுத்து. மீதிச் சீட்டுகளை வாசிக்க வேண்டாம் என்று சாமியாருக்குத் தந்தி கொடு. இல்லையென்றால் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி இறங்கிவிடுவேன்.

அண்ணி

-

12 மே 1993

அண்ணிக்கு,

அண்ணன்தான் என்று எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள். நல்லது, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

தந்தி கொடுக்க மாட்டேன். தொண்டை கட்டிவிட்டது என்று தாராளமாகச் சொல்லுங்கள். நூறாவது ஆண்டில் மைக்கைத் தபாலாபீஸ் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே உட்காருங்கள். பழத்தைப் பளம் என்று வாசிப்பார், நீங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். அடுத்த வருஷம் மைக் உங்களுக்குத் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது.

மைக்கை அவருக்குக் கொடுக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒன்பது சீட்டு எழுதினேன்.

ஒரே ஒரு கேள்வி. ஊரை விட்டு வந்த முதல் வருஷத்தில் அண்ணனுக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அவருக்குப் படிக்க வராது. அவற்றை வாசித்தது யார்? எழுதினபடியா?

ஒன்பதாம் நாள் சீட்டு நன்றி அறிவிப்பு. பயப்பட ஒன்றுமில்லை. நிறுத்தி, அழுத்தி, உங்களுக்கே உரிய அழகோடு வாசியுங்கள்.

தங்கை

-

16 மே 1993
திருவிழா நாள்

தங்கைக்கு,

பவனி முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாகப் போனால் சிரிக்காதே. கோணல் எழுத்து என்னுடையது என்று உனக்கு முன்பே தெரியும்.

நேற்று உன் ஒன்பதாம் சீட்டை வாசித்தேன். பயமில்லாமல்தான் வாசித்தேன். யாரையும் குத்திக் காட்டாத சீட்டு என்று மனசு லேசானது. "மூளைக் கோளாறு என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வைத்தார்கள். அவளுக்கு மூளையில் கோளாறு இல்லை, உடம்பில் கோளாறு இல்லை. வேறு யாருக்குக் கோளாறு என்று புனிதருக்குத் தெரியும். அவருக்கு நன்றி." நீ சொன்னபடியே நிறுத்தி, அழுத்தி வாசித்தேன். கோயில் முழுக்க என் குரல். மைக்செட்காரர் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். மைக்கில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

பூசை முடிந்ததும் ஒயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தார். "டீச்சர், மூளைக்கு ள. கோளாறுக்கும் ள. ரெண்டுக்கும் நீங்க ழ போடுறீங்க" என்றார். பிறகு மெதுவாக, "எங்கம்மா ஜெபப் புத்தகத்துல இருந்த லெட்டர்லயும் ழதான் போட்டிருந்துச்சு" என்றார். ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில், இருபது வருஷம் ஊருக்கே ழகரம் சொல்லிக் கொடுத்த பிறகு.

நான்தான் எழுதினேன். நீ கல்யாணமாகிப் போய்விட்டால் அம்மாவின் கட்டில் என் தலையில் விழும் என்று பயந்தேன். விரிப்பு மாற்றுவது, புண்ணைத் துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நீதான் செய்துகொண்டிருந்தாய். வேலை போகும், மைக் போகும் என்று தோன்றியது. ஒரு வருஷம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன், உன் வாழ்க்கையைக் கெடுக்க நினைக்கவில்லை. நீயோ கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாய், கட்டில் என் தலையிலேயே விழுந்தது. நாலு வருஷம் தங்கை. அந்தத் தண்டனை போதாதா?

உன் மூன்று கடிதங்களையும் அவருக்கு வாசித்தேன். நீ எழுதியதை இல்லை. இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன், செத்தாலும் வராதே என்று நீ எழுதினதாக வாசித்தேன். அவர் மூன்று தடவையும், "சரி, அவ கோபம் அவளுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் ஒப்புக்கொண்டார் என்று நான் எழுதினது பொய். மைக்செட்காரரும் அவரிடம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. இன்று பவனி வந்தபோது வழக்கம்போலச் சுவரோரமாக நின்றார். புனிதர் பக்கத்தில் வந்ததும் வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தினார், பழக்கத்தில். கூட்டம் கடந்து போன பிறகும் அப்படியே நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை.

வேலையை வேண்டுமானால் விடுகிறேன். மைக்கை விடுகிறேன். ஊர் முன்னால் முழங்கால் போடச் சொன்னாலும் போடுகிறேன். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே. இந்த வீட்டில் எனக்கு அவரை விட்டால் யாரும் இல்லை. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அண்ணி

-

20 மே 1993

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தில்தான் முதல் தடவையாகக் கோளாறைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் ஏப்ரல் மாதத்து முதல் கடிதத்தை நான் பாதி வாசித்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. "மைக்கில் ஏதோ கோழாறு." ஜனவரியிலிருந்து நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தை, உங்கள் கையெழுத்தில், தேதியோடு. ளகரத்தை ழகரமாகப் போட்டு நாகரிகம் காட்டும் ஆள் நம் ஊரில் ஒருவர்தான். இருந்தாலும் எங்கள் தொழிலில் ஒரு கண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய மாட்டோம். ஒன்பதாம் நாள் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று மைக்செட்காரருக்கு நான்தான் எழுதினேன். அவருக்கு இப்போது மூன்று பெண் பிள்ளைகள். யாரும் நாளைக்கு அவர்களைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதிவிடக் கூடாது என்பதால் ஒத்துக்கொண்டார்.

மலரில் பதினோராம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் கட்டுரையில் பதினெட்டுப் பிழை இருந்தது. பதினேழைத் திருத்தினேன். "உடற்கோழாறு நீக்கும் எம் பாதுகாவலர்" என்பதை மட்டும் தொடவில்லை. இத்தனை வருஷ வேலையில் நான் தெரிந்தே விட்ட ஒரே பிழை அதுதான். வீட்டுக்கு ஒரு மலர் கொடுத்திருப்பீர்கள்.

அம்மாவை நாலு வருஷம் பார்த்துக்கொண்டீர்கள். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அது வேறு, இது வேறு. என்னைக் கெடுத்ததைக்கூட ஒரு நாள் நான் ஆறப்போட்டிருப்பேன். அண்ணனுக்குப் போன மூன்று கடிதங்களில் உங்கள் வார்த்தையை என் வாயில் வைத்தீர்களே, அதற்கு ஆற மாட்டேன். பத்து நாள் முன்புகூட அவர் தலையில் பழியைத் தூக்கி வைக்கக் கை கூசவில்லை உங்களுக்கு.

அவரிடம் சொல்லாதே என்கிறீர்கள். நான் சொல்லப்போவதில்லை. இந்த உறைக்குள் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அது அவருக்கு. அவருக்குப் படிக்க வராது, வீட்டில் வாசித்துக் காட்டுவது நீங்கள்தான். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசியுங்கள். இடது காது மந்தம் என்றீர்கள், வலது பக்கம் உட்காருங்கள். மைக்செட்காரர் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். அதன் நகல் ஒன்று அவர் கையில் இருக்கும். எழுதினதை எழுதினபடி வாசியுங்கள், ஓர் எழுத்து கூட்டாமல், ஓர் எழுத்து குறைக்காமல்.

தங்கை

*

அண்ணா,

இது உன் தங்கை எழுதுவது. முன்பு மூன்று தடவை எழுதினேன். அந்த மூன்றிலும் உன்னை நான் திட்டவில்லை. நீ அப்படி எழுத வைத்தாயா, இல்லையா, ஒரு வார்த்தை சொல் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். உன் காதில் விழுந்த மற்றதெல்லாம் நான் எழுதியது இல்லை.

நீ எதுவும் செய்யவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஊர் முன்னால் உன்னைத் தண்டை இறக்க வைத்தது என் தப்பு. அடுத்த மே மாதம் வருகிறேன். குறுக்கே நிற்க இல்லை, உன் பின்னால் நடக்க. வலது முன்தண்டு உன்னுடையது, யாருக்கும் விட்டுக் கொடுக்காதே.

எனக்கு மூளைக் கோளாறு என்று அந்த வீட்டுக்கு எழுதினது யார் என்று பதினொரு வருஷமாக நீயும் உள்ளுக்குள் தேடியிருப்பாய். இனித் தேட வேண்டாம். அண்ணா, இதை இப்போது உன் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு வாசித்துக்கொண்டிருப்பவள்தான் அதை எழுதினாள்.